மண்டபம் ஊர்ல இருந்து மூடுல் 5.1

அக்டோபர் 11, 2025, சனி

மூடுல்னா ஆன்லைன்ல பாடமும் க்விஸும் நடத்துற சாஃப்ட்வேர். அதோட புது வெர்ஷன் 5.1 போன திங்கக்கெழம, 6ஆம் தேதி வந்துச்சு, இன்னைக்குத்தான் முழுசா உக்காந்து பாக்க முடிஞ்சுது. நம்ம டியூஷன் சென்டர் சர்வர்ல ஓடுறது 4.5, அது எல்டிஎஸ், அதாவது ரொம்ப நாள் ஆதரவு குடுக்குற வெர்ஷன், 2027 அக்டோபர் வரைக்கும் செக்யூரிட்டி பேட்ச் வந்துக்கிட்டே இருக்கும், அதனால அவசரம் ஒண்ணும் இல்ல. பழைய லேப்டாப்ல தனியா போட்டுப் பாக்குறேன். மூடுல் எழுதியிருக்கிற மொழி பிஹெச்பி, அது 8.2ஆவது இருக்கணும், அது இருக்கு.

இந்த தடவ பெரிய வேல, கோடு மொத்தத்தையும் இடம் மாத்தி வச்சிருக்காங்க. பப்ளிக்னு ஒரு ஃபோல்டர், பிரவுசர்ல இருந்து தொடவேண்டியது மட்டும் அதுக்குள்ள, கான்ஃபிக் ஃபைல் அதுக்கு வெளிய. பார்க்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனா இத்தன வருஷமா டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் எழுதியிருக்கிற அந்த ஃபைல் வெப் சர்வர் பாக்குற ஃபோல்டருக்குள்ளயே தான் கெடந்துச்சு, பிஹெச்பி ஒழுங்கா ஓடுற வரைக்கும் பிரச்சன இல்ல, அப்கிரேட் பண்றப்ப பிஹெச்பிய ஓட்டுற ஹேண்ட்லர் கழண்டுச்சுன்னு வைங்க, அந்த ஃபைல யாராச்சும் கேட்டா சர்வர் அப்படியே எழுத்தா தூக்கிக் குடுத்துரும். இனிமே அந்த ஃபைலுக்கு வெளிய இருந்து வழியே கெடையாது. டீம் வச்சு சர்வர் பாக்குறவங்களுக்கு இது ஒரு வசதி, என்ன மாதிரி ஒத்த ஆளா பாக்குறவனுக்கு இது நிம்மதியான தூக்கம்.

என்ஜின்எக்ஸ்ங்கிற வெப் சர்வர்ல, எந்த ஃபோல்டர பாக்கணும்னு சொல்ற ரூட் வரியில கடைசில பப்ளிக்னு சேத்தேன். கான்ஃபிக் ஃபைல்ல இருக்கிற சைட் அட்ரஸ்ல அத சேக்கக் கூடாது, அங்க பழையபடியே விடணும்.

அக்டோபர் 14, செவ்வா

மச்சான் வந்து பக்கத்துல உக்காந்து பாத்துட்டு "அதான் நல்லா ஓடுதுல்ல மாப்ள, எதுக்குப் போட்டு நோண்டுற"ன்னாரு. விசைப்படகு வச்சிருக்கவரு. தடைக்காலத்துல ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் படகக் கரையேத்தி பலகை மாத்தி பெயிண்ட் அடிக்கிறீங்கள்ல மச்சான், அதே தான் இதுவும்னேன். சிரிச்சுட்டு டீ வாங்கிட்டு வரப் போயிட்டாரு.

அக்டோபர் 22, புதன்

தீபாவளி முடிஞ்சு இன்னைக்குத்தான் தொட்டேன். மழை, கரண்ட் வர்றதும் போறதுமா இருந்துச்சு.

எங்க ப்ளக்இன் (மூடுலோட சேத்துக்குற தனி கோடு) ஒண்ணு பக்கத்தோட அடியில "வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி பாடத்த ஆப்ல டவுன்லோட் பண்ணிக்கங்க"ன்னு காட்டும். பழைய முறையில ப்ளக்இனோட லிப் ஃபைல்ல ஒரு குறிப்பிட்ட பேர்ல ஃபங்ஷன் எழுதி வச்சா கோர், அதாவது மூடுலோட சொந்தக் கோடு, அத தேடிக் கண்டுபிடிச்சு கூப்பிடும். 4.3ல ஹூக்னு ஒண்ணு, அதாவது மூடுல் ஓடுறப்ப நடுவுல ப்ளக்இன் வந்து சேந்துக்குற எடம், கொண்டு வந்தாங்க, 4.4ல இந்த ஃபூட்டர் வேலையும் அதுக்கு மாறிடுச்சு. இப்ப ப்ளக்இனோட டிபி ஃபோல்டர்ல ஹூக்ஸ்னு ஒரு ஃபைல், எந்த ஹூக் வந்தா எந்த கிளாஸ கூப்பிடணும்னு அதுல பதிவு பண்ணனும், அவ்வளவுதான். யாரு யாரக் கூப்பிடுறாங்கங்கறது ஒரே எடத்துல தெரியுது, நாளைக்கு எனக்குப் பதிலா வேற யாரு வந்து பாத்தாலும் திணற வேண்டாம். எழுதி, வெர்ஷன் நம்பர ஏத்தி, அப்கிரேட் ஓட்டுனேன், வரி வந்துடுச்சு.

அந்த வரி ஏன் முக்கியம்னா, ப்ளஸ் டூ படிக்கிற ஒரு புள்ள, அம்மா பாசி எடுக்கக் கடலுக்குப் போறவங்க, வீட்டுல சிக்னல் ஒரு கட்ட வரும் போகும். சென்டர் வைஃபைல பாடத்த எறக்கிட்டுப் போயி, வீட்டுல நெட் இல்லாமலே க்விஸ் எழுதி, மறுநா இங்க வந்தொடனே மூடுல் ஆப் தானா ஒத்திசைச்சுக்கும். ஆஃப்லைன்ல எழுத விடணும்னு க்விஸ் செட்டிங்ல நாம டிக் பண்ணிருக்கணும், நெறைய பேரு அத விட்டுடுறாங்க.

அக்டோபர் 23, வியாழன்

சைட்டோட தோற்றத்துக்கான தீம்ல, கிளிக் பண்ணா விரியிற டிராப்டவுன் மெனு எதுவும் தெறக்கல. 5.0லயே பூட்ஸ்ட்ராப்ங்கிற டிசைன் லைப்ரரிய வெர்ஷன் 5க்கு மாத்திட்டாங்க, டெம்ப்ளேட்ல டேட்டா-டாகிள்னு இருந்தத எல்லாம் டேட்டா-பிஎஸ்-டாகிள்னு மாத்துனேன், சரியாச்சு.

நவம்பர் 1, சனி

கீழக்கரைலருந்து ஒரு அண்ணன் போன் பண்ணாரு. அவுங்க மூடுல் பழைய வெர்ஷன்லயே நிக்குது, ஏன்னா முன்னாடி இருந்தவரு மார்க் காட்டுற விதம் பிடிக்கலன்னு கோர் ஃபைல்லயே நேரா திருத்தி வச்சிட்டுப் போயிட்டாரு, அப்கிரேட் பண்ணா அது எல்லாம் போயிரும், பண்ணலன்னா செக்யூரிட்டி பேட்ச் கெடையாது. பாவம், ரெண்டு பக்கமும் மாட்டிக்கிட்டு நிக்கிறாரு. இதுக்குத்தான் திரும்பத் திரும்ப சொல்றது, கோர்ல கை வைக்காதீங்கன்னு. உங்க ஊருக்கு மட்டும் வேணும்னா அது ப்ளக்இன். எல்லாருக்கும் வேணும்னா மூடுல் டிராக்கர்ல, அதாவது குறைய பதிவு பண்ற சைட்ல, இஷ்யூ போடுங்க, எம்டிஎல்னு ஒரு நம்பர் கெடைக்கும், கோடு மாத்தத்த பதிவு வைக்கிற கிட்ல தனி பிராஞ்ச் எடுத்து திருத்தி, கோடு சரியா ஓடுதான்னு பாக்குற பிஹெச்பியூனிட் டெஸ்ட்டோட குடுங்க, இன்னொரு டெவலப்பர் படிச்சுப் பாப்பாரு, அப்புறம் கோர்ல சேக்குற இன்டக்ரேஷன் டீம் பாக்கும். லேட் ஆகும், ஆனா ஒருதடவ உள்ள போயிடுச்சுன்னா அப்புறம் ஒவ்வொரு அப்கிரேடுக்கும் அத நீங்க தூக்கிச் சுமக்க வேண்டாம்.

அவரோட கோட அதே வெர்ஷன் ஒரிஜினலோட வச்சு, எங்க எங்க வித்தியாசம்னு காட்டுற டிஃப் எடுத்து அனுப்பச் சொல்லிருக்கேன். எது எது ப்ளக்இனா மாறும்னு அத வச்சுத்தான் பிரிக்கணும். மொதல்ல 4.5க்கு ஏத்திடுவோம், 5.1 அப்புறம்.