ஆறு மாட்டுக்கு ஒரு கறவை மெஷின்

அம்மாவின் வலது கை விரல்கள் விடியற்காலையில் மடங்குவதில்லை. வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால்தான் அசையும். பகலெல்லாம் தேயிலைக் கொழுந்து பறிப்பது, அதற்கு முன்னும் பின்னும் பால் கறப்பது. நாலு மாடு கறவையில் இருந்தால் ஒரு நேரத்துக்கு முக்கால் மணி நேரம் அந்தக் கை ஓயாது. ஒருநாள் அந்த வெந்நீரைச் சூடாக்கிக் கொடுக்கும்போதுதான், இனி இது போதும், மெஷின் வாங்கியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

எங்கள் வீடு இலங்கை மலைநாட்டில், நுவரெலியாவுக்குக் கிட்ட நானுஓயா பக்கம். பிரீசியன் கலப்பு, ஜேர்சி கலப்பு என்று மொத்தம் ஆறு: நாலு கறவை, ஒன்று வற்றியது, ஒன்று கிடாரி. இந்த அளவில் மாடு வைத்திருப்பவர்கள் மலைநாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அம்பேவலை மாதிரிப் பெரிய பண்ணைக்கு வேண்டியது வேறு கணக்கு.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கடைக்காரர் ஒரு வாரம் பாவித்துப் பாருங்கள், பிடித்தால் எடுங்கள் என்று ஒரு மெஷினைக் கொடுத்தார். கடையில் வாளித் தண்ணீரை இழுத்துக் காட்டினார், சர்ரென்று ஏறியது, எனக்கும் பெரிய சந்தோஷம். மூன்றாம் நாள் எங்கள் மாடு லெச்சுமியின் காம்பிலிருந்து மெஷின் கப்பைக் கழற்றினால் நுனி நீலம் பாய்ந்து, மேலே மோதிரம் போட்ட மாதிரி ஒரு தடம். நாலாம் நாள் உதைத்துப் பால் வாளியைக் கவிழ்த்துவிட்டாள். கடைக்காரரிடம் சொன்னதற்கு மாடு இன்னும் பழகவில்லை என்றார், நானும் நம்பினேன். அடுத்த வாரம் இடது பின்காம்பில் பால் திரித்திரியாக வந்தது. மடிநோய். டாக்டர் வந்து ஊசி போட்டு, மருந்துக் காலம் முடியும்வரை அவள் பாலைப் பால் சேகரிக்கும் சென்டருக்குக் கொடுக்கக் கூடாது என்றார். அத்தனை நாளும் கறந்து கறந்து ஊற்றினோம். அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன், தெரிந்தவர்களிடம் கேட்டேன். விஷயம் இதுதான். கன்று விடாமல் உறிஞ்சிக்கொண்டே இருப்பதில்லை, உறிஞ்சும், விழுங்கும், அந்த இடைவெளியில் காம்புக்கு ஓய்வு. மெஷினில் அந்த இடைவெளியைக் கொடுப்பது பல்சேட்டர். ஸ்டீல் கப்புக்குள் ரப்பர் லைனர் இருக்கிறதே, அது திறக்கும்போது பால் வரும், மூடும்போது காம்பைப் பிடித்துவிட்டு நுனியில் தேங்கிய இரத்தத்தை மேலே அனுப்பும். நிமிடத்துக்கு சுமார் 60 தடவை இப்படித் திறந்து மூட வேண்டும், திறந்திருக்கும் நேரம் 60 சதவீதம், மூடியிருக்கும் நேரம் 40 என்பது பொதுவான கணக்கு. அந்தக் கடன் மெஷினில் பல்சேட்டர் பாதி நேரம் சிக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. பாவம் லெச்சுமி, அவள் காம்பை மெஷின் விடாமல் இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

ஆகவே கடைக்குப் போனால் வாளித் தண்ணீரைப் பார்க்காதீர்கள். மெஷினை ஓட விட்டு, லைனருக்குள் உங்கள் பெருவிரலை விடுங்கள். பிடித்து, விட்டு, பிடித்து, விட்டு என்று தெளிவாகத் தெரிய வேண்டும். கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பல்சேட்டரின் டிக் டிக்கை ஒரு நிமிடம் எண்ணுங்கள். வாளி மெஷினுக்கு வெக்யூம், அதாவது உறிஞ்சும் இழுப்பு, காட்டும் முள் 42க்கும் 48 கிலோபாஸ்கலுக்கும் நடுவில் நிற்க வேண்டும், ஒரு கப்பைக் கழற்றிக் காற்று உள்ளே போனால் முள் இறங்கி, மூடியதும் உடனே பழைய இடத்துக்கு வர வேண்டும். நான் நாலு கடையில் இப்படி விரலை விட்டுப் பார்த்தேன். இரண்டில் வெறும் இழுப்புத்தான்.

அப்புறம் நம் மலைக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது, அதை எந்தக் கடையிலும் எனக்குச் சொல்லவில்லை. நானுஓயா 1,600 மீட்டருக்கு மேல். கடற்கரையில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல், இங்கே சுமார் 83தான். காற்று மெல்லியது. அதனால் கொழும்பில் சரியாக இழுக்கும் பம்ப், இங்கே அதே 45க்கு வரும்போது கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு குறைவாகவே காற்றை வெளியேற்றும். புத்தகத்தில் இரண்டு செட்டுக்குப் (நாலு கப் சேர்ந்தது ஒரு செட்) போதும் என்று போட்டிருந்தால், மேலே அதை ஒரு செட்டுக்கு என்று வைத்துக்கொள்வது நல்லது. பெட்ரோல் என்ஜினுக்கும் இதே கதைதான், 300 மீட்டர் ஏறினால் சுமார் 3 சதவீதம் பலம் குறையும்.

என்ஜின் எதற்கு என்று கேட்பீர்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்களே, அது மறக்குமா? அது இல்லாவிட்டாலும் பின்னேரம் தோட்ட லயத்தில் எல்லா வீட்டிலும் ரைஸ் குக்கரைப் போட்டால் பல்ப் மங்கும், அந்த நேரத்தில்தான் நமக்கும் கறவை. வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும், சுற்றாது. ஆகவே மோட்டாரிலும் என்ஜினிலும் பெல்ட் மாற்றி ஓட்டக்கூடியதாகப் பார்த்தேன். விலை கூட. ஆனால் மாடு கரண்டுக்காகக் காத்திருக்காது.

எல்லாவற்றையும் விட என்னை முடிவெடுக்க வைத்தது ரப்பர். ரப்பர் லைனரை 2,500 கறவைக்கு ஒரு தடவை மாற்றச் சொல்கிறார்கள். நாலு மாடு, இரண்டு நேரம், ஒரே செட் என்றால் ஒரு நாளைக்கு எட்டு, பத்து மாதம் தாண்டும். ஆனால் பாலின் கொழுப்பும் கழுவும் மருந்தும் பட்டு ரப்பர் அதற்கு முன்னமே ஊறி இளகிவிடும், ஆறு மாதத்தில் மாற்றிவிட வேண்டும். அந்த லைனர் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ கிடைக்குமா? நான் பார்த்ததில் பளபளப்பான ஒன்றுக்கு லைனர் இனி அடுத்த கப்பலில்தான் வரும் என்றார்கள். அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். வாங்கியது ஒரே செட், 25 லீட்டர் ஸ்டீல் வாளி, சில்லு வைத்த சட்டம், சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு ஓடும் பம்ப். கூடவே இரண்டு செட் லைனர். சீட்டுக் காசு முழுவதும் போய்விட்டது, அது பரவாயில்லை.

கழுவுவதற்கு நேரம் கொடுக்க முடியாதவர்கள் தயவுசெய்து வாங்க வேண்டாம். இந்தக் குளிரில் குழாய்க்குள் கொழுப்பு உடனே உறைந்து ஒட்டும். கறந்த கையோடு முதலில் வெதுவெதுப்பான தண்ணீர் (கொதிக்கிற தண்ணீரை முதலில் ஊற்றினால் பால் வெந்து ஒட்டிவிடும்), பிறகு மருந்து போட்ட நல்ல சூட்டுத் தண்ணீர், கடைசியாக வெறும் தண்ணீர். விறகு கொஞ்சம் கூடத்தான் செலவாகிறது.

அம்மா இப்போதும் பட்டிக்கு வருகிறார். ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு மூன்று பீச்சலைக் கறுப்புக் கோப்பையில் கறந்து, திரி இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்ப்பது அவர்தான். மடியைத் துடைத்துவிட்டு ஒரு நிமிடம் பொறுத்து, பால் இறங்கியதும் கப்பை மாட்டச் சொல்வார், பால் நின்றதும் வெக்யூமை அடைத்துவிட்டுக் கழற்றச் சொல்வார். வெறும் மடியில் கப் தொங்குவதை அவரால் பார்க்க முடியாது.

கிடாரி அடுத்த மாதம் கன்று போடும். மோட்டார் சத்தத்துக்குப் பழகட்டும் என்று இப்போதே காலையில் அதை லெச்சுமிக்குப் பக்கத்தில் கட்டி, தவிடு வைத்துவிட்டுத்தான் சுவிட்சைப் போடுகிறோம். முதல் இரண்டு நாள் கயிறு அறுந்துவிடும் போல இழுத்தது. இன்றைக்குக் காதை மட்டும் திருப்பிவிட்டுத் தவிட்டைத் தின்றது.