அரபு வசந்தம் களியக்காவிளைக்கு வந்த வழி

2011இல் அரபு நாடுகளில் மக்கள் எழுந்த அரபு வசந்தம் பற்றி யார் எழுதினாலும் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் ஆரம்பித்து, அங்கிருந்து மாட்ரிட், டெல் அவிவ், வால் ஸ்ட்ரீட், நம்ம டெல்லி ஜந்தர் மந்தர் வரைக்கும் ஒரு கோடு இழுத்து, பார்த்தாயா உலகமே எழுந்து நின்றது என்று முடித்துவிடுகிறார்கள். அந்தக் கோடு பொய் இல்லை. ஆனால் களியக்காவிளை, பாறசாலை, மார்த்தாண்டம் என்று தமிழ்நாடு-கேரள எல்லையை ஒட்டிய எங்கள் வட்டாரத்தில் உட்கார்ந்து பார்த்தால் வேறொரு கோடு தெரியும். அது சதுக்கத்திலிருந்து வந்ததில்லை, அரண்மனையிலிருந்து வந்தது.

துனிசியாவில் சிதி பூஸித் என்ற சின்ன ஊரில் தள்ளுவண்டியில் பழம் காய்கறி விற்ற முகமது புவாஸிஸி 2010 டிசம்பர் 17 அன்று தீக்குளித்தார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஜனவரி 14 அன்று அந்நாட்டு அதிபர் பென் அலி சவூதிக்கு ஓடிவிட்டார். பிப்ரவரி 11இல் எகிப்து அதிபர் முபாரக் பதவியிலிருந்து போனார். இதெல்லாம் எங்கள் ஊர் டீக்கடையில் சினிமா மாதிரிதான் பேசப்பட்டது, எகிப்தில் நமக்கு யார் இருக்கிறார்கள்? பிப்ரவரி 14 அன்று பஹ்ரைனில் கூட்டம் கூடியதும்தான் பேச்சு நின்றது. என் சித்தி மகன் அப்போது மனாமாவில் ஏசி மெக்கானிக். சித்தி காலை முதல் ராத்திரி வரை மலையாளச் செய்திச் சேனலை அணைக்கவே இல்லை. அந்த ஊர்க்காரர்கள் என்ன கேட்கிறார்கள் என்று நான் விளக்கப் போனேன், பாதியிலேயே மறித்துவிட்டாள்: "அவனுவளுக்கு ராஜா இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? எனக்க பிள்ளைக்குச் சம்பளம் வந்தா போதும் மக்கா."

சித்தியைத் திட்டத் தோன்றவில்லை. ஊரில் பாதி வீடுகளில் அதே வேண்டுதல்தான். மார்ச் 14 அன்று ராஜாவுக்குத் துணையாகச் சவூதிப் படை கடல் பாலம் கடந்து பஹ்ரைனுக்குள் போனபோது இங்கே பல பேர் நிம்மதியாக மூச்சு விட்டார்கள், நான் உட்பட என்றே சொல்லலாம். ஜனநாயகம், உரிமை என்றெல்லாம் வாய் கிழியப் பேசும் ஒரு ஊர், மாதாமாதம் வரும் பணத்துக்காக ராஜா பக்கம் நின்றது. இதை யாரும் எழுதி நான் படித்ததில்லை.

நாலு நாள் கழித்து மனாமாவில் இருந்த முத்துச் சின்னத்தை இடித்தார்கள். ஆறு பாய்மரங்கள், உச்சியில் ஒரு முத்து, வளைகுடாக் கூட்டமைப்பின் ஆறு நாடுகளுக்காக 1982இல் கட்டியது, கூட்டம் கூடியது அதன் காலடியில்தான். இடிக்கும்போது அது சரிந்து விழுந்து ஒரு கிரேன் டிரைவர் நசுங்கிச் செத்தார். அவரும் பிழைக்க வந்த வெளிநாட்டுக்காரர்தான். அந்தச் சின்னம் போட்ட 500 ஃபில்ஸ் நாணயத்தைக்கூட அரசாங்கம் புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டது.

சரி, ராஜாக்கள் பிழைத்துக்கொண்டார்கள், நமக்கு நல்லதுதானே என்றால், பில் அப்புறம்தான் வந்தது.

கூட்டத்தை அடித்து விரட்டினால் மட்டும் போதாது என்று அவர்களுக்குத் தெரியும். குவைத் தன் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் 1000 தினார் கொடுத்தது, பஹ்ரைன் குடும்பத்துக்கு 1000 தினார். ஓமானில் சோஹாரில் கலவரம் ஆனதும் சுல்தான் காபூஸ் 50,000 வேலை என்று அறிவித்தார். சவூதி மன்னர் அப்துல்லா உள்துறையில் மட்டும் 60,000 வேலை, 5 லட்சம் வீடுகள், வேலையில்லாதவர்களுக்கு மாதம் 2000 ரியால் என்று அள்ளி விட்டார். இந்த வேலைகளை எல்லாம் அரசாங்கமே கொடுக்க முடியுமா? தனியார் கம்பெனியிலும் கடையிலும் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தால், நாம்தான்.

நிதாகாத், அதாவது கம்பெனிகள் இத்தனை சவூதிக்காரர்களை வேலைக்கு வைத்தே ஆக வேண்டும் என்ற சவூதித் திட்டம், வந்தது அப்படித்தான். சவூதிக்காரர்களுக்கே வேலை என்ற பேச்சு பல வருஷமாக இருந்ததுதான், ஆனால் பல் முளைத்தது 2011இல். எத்தனை சவூதிக்காரர்கள் இருக்கிறார்கள் என்று பார்த்துக் கம்பெனிகளைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்தார்கள், சிவப்பில் மாட்டினால் வெளிநாட்டு ஆளுக்கு விசா புதுப்பிக்க முடியாது. பத்து ஆளுக்குக் குறைவான கடையிலும் ஒரு சவூதியாவது வேண்டும் என்று 2013இல் இறுக்கியபோதுதான் எல்லைக்கு இரண்டு பக்கமும் அடி விழுந்தது, ஏனென்றால் நம்ம ஆட்கள் பெரும்பாலும் ஃப்ரீ விசாக்காரர்கள். அதாவது நகையை அடகு வைத்து விசா வாங்கி, கஃபீலுக்கு (பேரில் முதலாளியாக நிற்கும் சவூதிக்காரர்) வருஷத்துக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டு, வேறொருவர் கடையில் வேலை பார்ப்பது. பேரில் மட்டும் ஃப்ரீ. நவம்பர் 3 கெடு முடிவதற்குள் காகிதத்தைச் சரி செய், இல்லாவிட்டால் எக்ஸிட் (நாட்டை விட்டுப் போகும் அனுமதி) வாங்கி ஊருக்குப் போ என்றார்கள். (ஒரு நல்லதும் இருந்தது, சிவப்புக் கம்பெனி ஆள் கஃபீல் சம்மதம் இல்லாமலே பச்சைக் கம்பெனிக்கு மாறலாம். ஆனால் அந்த இடம் கிடைக்க வேண்டுமே.)

திருவனந்தபுரத்தில் ஒரே விமானத்தில் இறங்கிய மலையாளிக்காவது 1996லிருந்தே வெளிநாட்டு மலையாளிகளுக்காகக் கேரள அரசின் நோர்க்கா என்று ஒரு துறை இருந்தது. அதே விமானத்தில் வந்து எல்லையில் இஞ்சிவிளை தாண்டி வீட்டுக்கு வந்த நம்ம ஆளுக்கு வட்டிக்காரன்தான் துறை. சரி, ரப்பராவது இருக்கிறதே என்று பார்த்தால், 2011 ஏப்ரலில் கிலோ 240 ரூபாயைத் தொட்ட ஷீட் அதற்குள் இறங்க ஆரம்பித்து, 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே போய்விட்டது. அந்த வருஷமே சவூதியில் மொபைல் கடைகளில் சவூதிக்காரர்கள் மட்டும்தான் என்று சட்டம் போட்டார்கள். எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு அண்ணன் ரியாத்திலிருந்து திரும்பி வந்து மார்த்தாண்டத்தில் ஸ்க்ரீன் ஒட்டிக் கொடுக்கிறார்.

அவர் கடை முன்னால் சாயங்காலம் நாலைந்து கல்ஃப் ரிட்டர்ன்கள் கூடுவார்கள். அங்கே ஒருநாள் கேட்டேன், அவன் நாட்டு வேலை அவனுக்கு என்று அந்த ஊர்ப் பையன் கேட்டதில் தப்பு என்ன அண்ணே என்று. கொஞ்சம் யோசித்து, தப்பில்லைதான் என்றார். பக்கத்தில் நின்றவர், "அதுக்காக இருபது வருஷம் உழைச்சவனை வெளியே தள்ளுறதா" என்று குதித்தார். அதே மனிதர்தான் பத்து நிமிஷம் கழித்து, இந்த வடநாட்டுப் பையன்கள் வந்து நம்ம ஆட்களுக்கு வேலை இல்லாமல் பண்ணிவிட்டார்கள், எல்லாரையும் ரயில் ஏற்றி அனுப்ப வேண்டும் என்றார்.