பரணை எத்தனை அடியில் கட்டுவது?

ஆகஸ்ட் 24

இந்தப் பருவத்து வில்வேட்டைக்குப் பரண் கட்டும் மரத்தை இன்று முடிவு செய்துவிட்டேன். வெள்ளைக் கருவாலி (ஓக்) மரத்தின் காய்களைத் தேடி வெள்ளைவால் மான்கள் மாலையில் இறங்கிவரும் தடம், ஓடைக்குச் சற்று மேலே இன்னொரு தடத்தோடு சேர்கிறது. அந்தச் சந்திப்பிலிருந்து 17 கெஜம் தள்ளி, கவையாகப் பிரிந்து வளர்ந்த கருவாலி ஒன்று உயிர்ப்போடும் உறுதியோடும் நிற்கிறது.

பரணுக்கு 20 அடி என்ற விடை எல்லோர் வாயிலும் தயாராக இருக்கிறது. அது தவறான விடை அல்ல என்றாலும், மரத்தையும் நிலத்தையும் பாராமல் சொல்லப்படும்போது அதற்குப் பொருள் குறைவு. இந்த மரத்தில் 16 அடியிலிருந்து 22 அடிவரை கிளைகள் நெருக்கமாக இருக்கின்றன. அதற்கு மேலே வெறும் தண்டுகளும் அவற்றின் பின்னால் திறந்த வானமும்தான். மான் சிவப்பையும் ஆரஞ்சையும் நம்மைப் போலப் பிரித்தறியாது. ஆனால் அசைவை உடனே கண்டுகொள்ளும். வானத்தைப் பின்புலமாகக் கொண்டு வில்லை இழுப்பவன், எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் அதன் கண்ணுக்குத் தப்பமாட்டான். மறைவு முடியும் இடத்துக்கு மேலே ஏறுவதில் எனக்கு உடன்பாடில்லை.

செப்டம்பர் 7

கோணக் கணக்கை இன்று தாளில் போட்டுப் பார்த்தேன். பரணின் தளம் 20 அடியில் இருந்தால், நின்று எய்பவரின் அம்பு ஏறத்தாழ 25 அடியில் இருக்கும். மானின் மார்பு தரையிலிருந்து இரண்டரை, மூன்று அடி உயரத்தில் இருப்பதால், அம்பு இறங்க வேண்டிய உயரம் சுமார் 22 அடி. மான் 20 கெஜத்தில் நின்றால் கோணம் 20 பாகை. 10 கெஜத்துக்கு வந்துவிட்டால் அதுவே 36 பாகை. தளத்தை 30 அடிக்கு உயர்த்தினால், 10 கெஜத்தில் கோணம் 47 பாகையாகிறது.

இந்த எண்கள் மானின் உடலுக்குள் என்ன செய்கின்றன என்பதே நான் கவலைப்படும் செய்தி. மார்பின் அகலம் ஓர் அடி என்று கொண்டால், 20 பாகையில் செல்லும் அம்பு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சேர்வதற்குள் நாலரை அங்குலம் கீழே இறங்குகிறது. 47 பாகையிலோ பன்னிரண்டு அங்குலத்துக்கும் மேல். உயிர்நிலை என்று நாம் குறிவைக்கும் பகுதியே எட்டு முதல் பத்து அங்குலம்தான். அவ்வளவு செங்குத்தாக இறங்கும் அம்புக்கு முதுகெலும்பும் தோள்பட்டையும் குறுக்கே வரும். அவற்றைத் தாண்டினாலும் பல நேரங்களில் ஒரு நுரையீரலை மட்டுமே துளைக்கும். ஒரே நுரையீரலில் காயம்பட்ட மான் நெடுந்தொலைவு ஓடிப்போய், தேடியும் கிடைக்காமல், எங்கோ ஒரு புதரில் வேதனைப்பட்டுச் சாகக்கூடும். அந்த உயிருக்கு நாம் கடமைப்பட்டிருப்பது இரு நுரையீரல்களையும் ஊடுருவும் ஓர் அம்பு. உயரத்தால் கிடைக்கும் மறைவை அந்தக் கடமையோடு வைத்து எடைபோட்டால், 18 அடியே இந்த மரத்துக்குச் சரியென்று எனக்குப் படுகிறது.

செப்டம்பர் 8

சரிவையும் அளந்தேன். மேட்டுப்பக்கத்தில் 20 கெஜத்துக்கு அப்பால் நிலம் 12 அடி உயர்ந்துவிடுகிறது. அங்கே நிற்கும் மானின் கால்களுக்கு என் தளம் 6 அடி மேலேதான் இருக்கும். ஆகவே தண்டு எனக்கும் மேட்டுக்கும் நடுவே வரும்படி பரணைக் கட்ட வேண்டும்.

செப்டம்பர் 21

பரணை ஏற்றிவிட்டேன். மரத்திலிருந்து விழுவதே வேட்டைக்காரர்கள் படுகாயமடைவதற்கான முதன்மையான காரணங்களுள் ஒன்று. ஏறும்போதும், இறங்கும்போதும், ஏணியிலிருந்து தளத்துக்கு மாறும்போதும் ஆபத்து மிகுதி. எனவே உடலைத் தாங்கிப் பிடிக்கும் வார்க்கச்சையான முழு உடல் ஹார்னஸ் அணிந்து, தரையிலிருந்தே உயிர்க்காப்புக் கயிற்றில் ப்ரூசிக் முடிச்சை (எடை விழுந்தால் கயிற்றை இறுகப் பிடித்துக்கொள்ளும் முடிச்சு) நகர்த்திக்கொண்டு ஏறினேன். ஏணியின் கடைசிப் படியைத் தளத்துக்கு மேலே வரும்படி அமைத்ததால், தளத்துக்குத் தாவி ஏற வேண்டியதில்லை. கீழே கால் வைத்து இறங்கினாலே போதும். மரத்தோடு பிணைக்கும் வாரைத் தலைக்கு மேலே, உட்கார்ந்தாலும் தொய்யாத அளவில் கட்டினேன். விழுந்து ஹார்னஸில் தொங்க நேர்ந்தால் தொடையின் ரத்த ஓட்டம் தடைபடும் என்பதால், கால் ஊன்றி எழுவதற்கான வாரும் சட்டைப்பையில் இருக்கிறது. வில்லை எப்போதும் கயிற்றில் கட்டியே மேலே இழுக்க வேண்டும், அதுவும் அம்பு பூட்டாமல்.

அக்டோபர் 5

பரணிலிருந்து பயிற்சி செய்தேன். கையை மட்டும் தாழ்த்திக் குறிபார்த்தால் இழுவை மாறி அம்பு விலகிப் போகிறது. தோள்களை நேராக வைத்து வில்லை இழுத்தபின் இடுப்பில் வளைய வேண்டும். தூரத்தைப் பொறுத்தவரை கிடைத்தொலைவே கணக்கு. கோணத்தைக் கழித்துக் காட்டும் தூரமானி இருந்தால் நல்லது. இந்த உயரத்தில் வித்தியாசம் சிறிது என்றாலும், மிக உயரத்திலிருந்து எய்பவர்களுக்கு அது பெரிதாகிவிடும்.

அக்டோபர் 19

உடன் வரும் நண்பர், "இன்னும் பத்தடி ஏறிவிடுங்கள், உங்கள் வாடை மானுக்கு மேலேயே போய்விடும்" என்றார். காலையில் அவர் சொல்வதில் உண்மை உண்டு. நிலம் சூடேறக் காற்று மேலெழுகிறது. இன்று மாலை, எருக்கம் பஞ்சைப் போன்ற மில்க்வீட் பஞ்சு ஒன்றைப் பரணிலிருந்து ஊதிவிட்டேன். சற்று நேரம் முகத்துக்கு எதிரே மிதந்த அது, பிறகு மெல்லத் தாழ்ந்து, சரிவோடு சரிந்து, ஓடையை நோக்கிப் போயிற்று. குளிர்ந்த மாலைக்காற்று கீழே வழியும்போது 30 அடியில் இருப்பவரின் வாடையும் அதோடு கீழேதான் வரும். மான்கள் மேட்டிலிருந்து வரும் தடம் அது என்பதால் மாலையில் இந்த மரம் எனக்கு ஏற்றது. உயரத்தைக் கூட்டிக் காற்றை ஏமாற்றிவிடலாம் என்று நான் நம்பவில்லை.

நவம்பர் 2

சுற்றிலும் இலையுதிர்வு முடிந்துகொண்டிருக்கிறது. இந்தக் கருவாலி தன் பழுப்பு இலைகளில் பாதியை இன்னும் வைத்திருக்கிறது. இரண்டாம் தண்டு முதுகுக்கு அரணாக நிற்கிறது. உயரத்தை மாற்றவில்லை.

நவம்பர் 9

மாலையில் ஒரு பெண்மானைத் தொடர்ந்து ஆண்மான் ஒன்று சந்திப்புக்கு வந்தது. அது தலையை மரத்துக்குப் பின்னால் மறைத்த கணத்தில் வில்லை இழுத்தேன்; பக்கவாட்டில் நின்றபோது எய்தேன். கண்ணுக்கெட்டும் தொலைவிலேயே விழுந்துவிட்டது. அம்பு நடுமார்புக்குச் சற்று மேலே நுழைந்து, மறுபக்கத்தில் ஏறத்தாழ நான்கு அங்குலம் தாழ்வாக வெளியேறியிருந்தது. இரு நுரையீரல்களிலும் துளை இருந்தது. தாழ்வான அந்தத் துளையின் வழியே ரத்தம் உடனே கொட்டத் தொடங்கியதால், சருகுகளின் மேல் தடம் எங்கும் அறுபடவில்லை.

அடுத்த வாரம் பரணை இறக்கிவிடுவேன். தண்டு பருப்பதாலும் வெயிலாலும் வார்கள் நலிவடையும் என்பதால், அவற்றை மரத்திலேயே அடுத்த பருவம்வரை விட்டுவைப்பது சரியல்ல.