பாரசைட் பற்றி விடை எழுதப் போகிறவர்களுக்கு

விஸ்காம் இரண்டாம் ஆண்டு, உலக சினிமா தாளின் முதல் இன்டர்னல். ஓர் ஏழைக் குடும்பம் பணக்கார பார்க் குடும்பத்தின் வீட்டில் பொய் சொல்லி வேலைக்கு நுழையும் தென் கொரியப் படமான ‘பாரசைட்’டில் வர்க்க முரண் பற்றி 15 மதிப்பெண் கேள்வி. மூன்று தடவை பார்த்த படமாயிற்றே என்று ஆறு பக்கம் எழுதித் தள்ளினேன். கிடைத்தது 5. ஓரத்தில் மேடம் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: “கதை எனக்கும் தெரியும்.”

கதைச் சுருக்கத்தை முதலில் விடுங்கள். அப்புறம் விருதுப் பட்டியல். 2019 கான் விழாவில் தங்கப் பனை, 2020 ஆஸ்கரில் நான்கு விருதுகள், அதில் சிறந்த படத்துக்கானதை ஆங்கிலம் அல்லாத படம் வாங்கியது அதுவே முதல் முறை. இரண்டு வரி போதும்.

மாடல் தேர்வுக்கு ஒரே ஒரு காட்சியைப் படித்தேன். மழை இரவு. சப்டைட்டிலை அணைத்துவிட்டுப் பாருங்கள். பார்க் வீட்டிலிருந்து தப்பித்த அப்பா, மகன், மகள் மூவரும் இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள்: சரிவான சாலை, சுரங்கப்பாதை, படிக்கட்டு, இன்னொரு படிக்கட்டு. மழைத் தண்ணீரும் கூடவே அதே பக்கம் ஓடுகிறது. வீட்டுக்குப் போனால் உள்ளே மார்பளவு சாக்கடை. அந்த வீட்டில் கழிப்பறைதான் உயரமான இடம். கறுப்புத் தண்ணீரைக் கக்கும் அதன் மூடிமேல் உட்கார்ந்து மகள் கி-ஜங் சிகரெட் பற்றவைக்கிறாள். மறுநாள் திருமதி பார்க்குக்கு அதே மழை காற்றைச் சுத்தமாக்கிய நல்ல மழை. இந்த இரண்டையும் அடுத்தடுத்து எழுதினாலே பாதி விடை முடிந்தது.

பின்னணிக்கு ‘பான்ஜிஹா’ எனும் அந்த அரை நிலவறை வீடு. வட கொரியா தாக்கினால் பதுங்க என்று 1970களில் புதுக் கட்டடங்களில் கட்டாயமாக்கிய அறைகள் அவை. தலைநகர் சியோலில் வீட்டுத் தட்டுப்பாடு வந்ததும் வாடகைக்குப் போயின. 2022 ஆகஸ்ட் வெள்ளத்தில் அப்படிப்பட்ட வீட்டில் நிஜமாகவே ஆட்கள் இறந்தார்கள்.

இயக்குநர் போங் ஜூன்-ஹோவின் வாழ்க்கைக் குறிப்பில் எல்லாம் வேண்டாம். யோன்செய் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவர், அப்போது ஒரு பணக்கார வீட்டில் கணக்கு டியூஷன் எடுத்தவர். படத்தில் பார்க் வீட்டு டியூஷன் வேலைக்காக மகன் கி-வூவுக்குக் கி-ஜங் போலிச் சான்றிதழ் தயாரிப்பதும் யோன்செய் பெயரில்தான்! ஒப்பீடு கேட்டால் அவரே இயக்கிய ‘ஸ்னோபியர்சர்’ (2013) கை கொடுக்கும். அதில் ஏழைகள் ரயிலின் கடைசிப் பெட்டியில், இதில் தரைக்கு அடியில்.

படத்திலேயே ஒரு பரீட்சை அறிவுரையும் உண்டு. முதல் டியூஷனில் கி-வூ மாணவியின் நாடியைப் பிடித்துக்கொண்டு, தேர்வில் வேகம் தடைபடக் கூடாது, முன்னால் பாய்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்கிறான். சொல்கிறவன் நுழைவுத் தேர்வை நான்கு தடவை எழுதியவன். அதனால் நான் பத்து நிமிடம் பேனாவைத் தொடாமல் யோசித்துவிட்டே தொடங்கினேன். இரண்டரைப் பக்கம், 12 மதிப்பெண். கழிப்பறைப் பத்திக்குப் பக்கத்தில் ஒரு பெரிய டிக்.