சப்வூஃபர் வாங்கியாச்சு, இப்ப எங்க வைக்கிறது?

சப்வூஃபர், சுருக்கமா சப், பேஸ் சத்தத்துக்குன்னே இருக்கிற தனி ஸ்பீக்கர். ஹோம் தியேட்டர் ஆம்ப் (ஏவி ரிசீவர்) பின்னாடி சப் அவுட்ல இருந்து ஒத்தை ஆர்சிஏ கேபிள் இழுத்து சப்வூஃபரோட எல்எஃப்இ (பேஸுக்கான) இன்புட்ல சொருகினா வயரிங் முடிஞ்சுது. மண்டை காயறது அதுக்கப்புறம்தான்.

சப் பின்னாடி கிராஸ்ஓவர்னு, பேஸை எங்க பிரிக்கணும்னு வைக்கிற ஒரு திருகு இருக்கும்ல, அதை ஃபுல்லா ஏத்தி வச்சிடுங்க, பிரிக்கிற வேலையை ஆம்ப் பாத்துக்கும், ரெண்டும் சேர்ந்து வடிகட்டினா நடுவுல கொஞ்சம் பேஸ் காணாம போயிடும். ஆம்ப் மெனுல ஸ்பீக்கரெல்லாம் ஸ்மால், கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ். ஆளுயர டவர் ஸ்பீக்கரை போய் ஸ்மால்னு போடுறதானு சில பேருக்கு கோவம் வரும் :) 80 ஹெர்ட்ஸுக்கு கீழ இருக்கிற பேஸை சப்புக்கு தள்ளிவிடுன்னு சொல்றோம், அவ்ளோதான்.

இடம்தான் பெரிய தலைவலி. மூலைல வச்சா சத்தம் தூக்கும், ஆனா பல ரூம்ல ஒரே நோட்டு மட்டும் கும்முனு நிக்கும். அதனால சப்பை தூக்கி நீங்க உக்கார்ற சோஃபா மேலயே வச்சு ஏதாவது பேஸ் பாட்டு ஓடவிட்டு, சுவர் ஓரமா தவழ்ந்து போய் கேளுங்க, பாக்கறவங்க சிரிப்பாங்க, பரவால்ல, எங்க பேஸ் சமமா கேக்குதோ அங்கதான் சப் வைக்கணும்.

சப்போட ஒலி அலையும் மத்த ஸ்பீக்கரோட அலையும் ஒண்ணா சேர வைக்கிறதுக்கு இருக்கிற ஃபேஸ் சுவிட்சை 0, 180 ரெண்டுலயும் வச்சு 80 ஹெர்ட்ஸ் டோன் கேட்டு, எதுல சத்தமா இருக்கோ அதுலயே விடுங்க. கடைசியா ஆம்ப்போட மைக்கை காது உயரத்துல வச்சு ஆட்டோ செட்டப் (ஆம்பே அளந்து செட் பண்ணிக்கிறது) ஓட்டுங்க. சப் தூரம் நிஜத்தை விட அதிகமா காட்டினா மாத்தாதீங்க, சப்புக்குள்ள ஆகுற டிலேயையும் சேர்த்துதான் காட்டுது.