மூன்றும் மூன்றும் ஆறு

நாற்பது ஆண்டுக்கால நண்பன். போன வாரம் பயாப்ஸி (திசுப் பரிசோதனை) அறிக்கையை ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து எடுத்து வந்தான். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். ரத்தத்தில் பிஎஸ்ஏ என்ற புரதம் 6.8. புற்றின் தீவிரத்தைப் பத்து வரை அளக்கும் கிளீசன் மதிப்பெண் 3+3=6. "பத்துக்கு ஆறு என்றால் பாதிக்கு மேல் போய்விட்டதாடா?" என்றான். நடைமுறையில் அந்தக் கணக்கே ஆறில்தான் தொடங்குகிறது என்று சொன்ன பிறகுதான் காப்பியை எடுத்தான். ஆறிப்போயிருந்தது.

அறுவை மருத்துவர் எடுத்துவிடலாம் என்கிறார். கதிர்வீச்சு மருத்துவர் கதிர்வீச்சே போதும் என்கிறார். அவரவர் கடையில் அவரவர் சரக்கு! இப்போதைக்குத் தொடாமல் பிஎஸ்ஏ, எம்ஆர்ஐ, மறு பயாப்ஸி என்று கண்காணிக்கும் வழியை இருவருமே ஒரு வரியில் கடந்துவிட்டார்கள். எனக்குக் கோபம் அதில்தான்.

பிரிட்டனில் 1,643 பேரை அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என்று மூன்று குழுவாகப் பிரித்து 15 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. மூன்று குழுவிலுமே இந்நோயால் இறந்தவர்கள் 2 முதல் 3 சதவீதம்தான். கண்காணிப்புக் குழுவில் நோய் பரவியவர்கள் ஏறத்தாழ இரு மடங்கு. அதையும் நான் அவனிடம் மறைக்கவில்லை.

நோட்டில் கோடு போட்டு எழுதினோம். சிறுநீர்க் கசிவு அறுவையில் அதிகம். கதிர்வீச்சில் மலக்குடல் தொல்லை. தாம்பத்தியம் இரண்டிலும் பாதிக்கப்படலாம். இந்த வரி வந்ததும் சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். அறுபத்து மூன்று வயதில் அந்த வெட்கம்.

முடிவு எதுவும் ஆகவில்லை. பயாப்ஸி ஸ்லைடுகளை வேறொரு நிபுணரிடம் காட்ட வியாழக்கிழமை போகிறோம். கிளம்பும்போது அவன் மனைவி நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அண்ணா, இதில் நான் எழுத ஒரு பக்கம் விட்டிருக்கிறீர்களா?"