இடுப்பு வலிக்கு வயிற்றுத் தசை ஸ்கேன்: இரண்டு தடவை அலைந்த கதை

மூன்று வருட இடுப்பு வலி. எம்ஆர்ஐயில் பெரிதாக ஒன்றும் இல்லை. இடுப்பைத் தாங்கும் வயிற்றின் உள்தசை சரியாகச் சுருங்குகிறதா என்று அல்ட்ராசவுண்டில் அளந்து பார்க்கலாம் என்றார் பிசியோ மேடம். அவரிடம் மெஷின் கிடையாது. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994 சட்டத்தால், பதிவு பெறாத இடத்தில் ஸ்கேன் மெஷின் வைக்க முடியாது. அதனால் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

சீட்டில் தசையின் பெயர் தெளிவாக இருந்தது. கவுண்டரில் இருந்தவர் ‘அப்டமன்’ என்பதை மட்டும் படித்து, ‘ஹோல் அப்டமன்’, அதாவது முழு வயிற்று ஸ்கேன் என்று பில் போட்டுவிட்டார். வெறும் வயிறு, ஒரு லிட்டர் தண்ணீர், மூத்திரத்தை அடக்கிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் இரும்பு நாற்காலி. எழுந்தபோது இடுப்பு நிமிரவில்லை. ரிப்போர்ட்டில் கல்லீரல், பித்தப்பை, சிறுநீரகம் எல்லாம் நார்மல். தசையைப் பற்றி ஒரு வரி இல்லை. கேட்டால், “அப்டமன் ஸ்கேன்னா இதுதான் சார்.” பணமும் போனது. இன்னும் ஆறவில்லை எனக்கு.

அடுத்த முறை மேடம் வேறொரு இடத்தில் ரேடியாலஜி டாக்டரிடம் முன்பே பேசிவிட்டு, கூடவே வந்தார். பட்டினி, தண்ணீர் எதுவும் வேண்டியதில்லை. மல்லாந்து முழங்காலை மடக்கிப் படுத்தேன். விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, பக்கவாட்டில் கருவியை வைத்தார்கள். திரையில் மூன்று அடுக்கு. அடியில் இருந்த மெல்லிய பட்டைதான் மேடம் சொன்ன உள்தசை, டிரான்ஸ்வெர்சஸ் அப்டாமினிஸ். மூச்சை விட்டு முடித்ததும் படத்தை நிறுத்தி அளந்தார்கள்: 3.2 மி.மீ.

“தொப்புளை மெதுவா உள்ளே இழுங்க.” 3.4தான் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மேல்தசையைத்தான் இறுக்கிக்கொண்டிருந்தேன். அப்புறம் திரையைப் பார்த்துக்கொண்டே செய்தேன். நான்காவது முயற்சியில் அந்தப் பட்டை தடித்துப் பின்பக்கம் நகர்ந்தது. 4.8! மூன்று வருடத்தில் என் உடம்பு நான் சொன்னதைக் கேட்டதைக் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

போகிறவர்கள் சீட்டில் ‘தசைத் தடிமன், தளர்ந்த நிலை, சுருங்கிய நிலை, இரு பக்கமும்’ என்று எழுதி வாங்குங்கள். இதை அளப்பார்களா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். ஜெல் தாராளமாகப் போடச் சொல்லுங்கள்; கருவியை அழுத்தினால் தசை நசுங்கி அளவு குறைந்துவிடும். தடிமன் மட்டும் வலிக்குக் காரணம் சொல்லிவிடாது என்று டாக்டர் அழுத்திச் சொன்னார், அதையும் மனதில் வையுங்கள். கருவி வைத்த இடத்தைக் குறித்து வாங்குங்கள். எட்டு வாரம் கழித்து எனக்கு அதே இடத்தில் மறுபடி அளக்க வேண்டும்.